பூந்தொட்டியில் துப்பியவள்

காலைச் சாப்பாடு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை என்று அந்த உணவகத்தின் வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். பத்து மணிக்கு மேல் சாப்பிடுவதைக் காலைச் சாப்பாடு என்பதா மதியச் சாப்பாடு என்பதா என்று அக்கா வாசலிலேயே நின்று யோசித்தாள். இரண்டு வேளையையும் ஒரே வேளையில் முடித்துக்கொள்ளலாம் என்று புரிந்ததும் முகம் தெளிந்துவிட்டது. அக்கா தையல்காரி. துணியில் மிச்சம் பிடித்துப் பழகியவளுக்கு வேளையில் மிச்சம் பிடிக்கக் கசக்குமா?

"வாடி உள்ள. ஒண்ணரை மணிக்குத்தான் பஸ்ஸு. அதுவரைக்கும் இங்கயே உட்காந்துக்கலாம்."

"எங்க உட்காந்தா என்ன" என்றாள் தங்கை.

தங்கைக்கு நாற்பத்தாறு வயது. தேயிலை ஆலையில் தேநீரை ருசி பார்த்துத் தரம் சொல்வது அவள் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை. இருநூறையும் குடித்தால் ஆள் என்ன ஆவது? அதனால் அந்த வேலையில் யாரும் குடிப்பதில்லை. ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்துச் சட்டென்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்று சுற்றி, இடப்பக்கம் நிற்கும் தொட்டியில் துப்பிவிட வேண்டும். உறிஞ்சும்போது வாசனை மூக்குக்கு ஏறும். ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது. அவள் உறிஞ்சினால் மூன்று அறை தாண்டிக் கேட்கும். சேர்ந்த முதல் வாரமே ஆலையில் அவளுக்கு விசில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருபத்துமூன்று வருடத்தில் அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து, கூடப் பிறந்த அக்காவே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

ஆனால் ஆறு மாதமாக அது வெறும் சத்தம்தான். இது தனக்கும் ஒரு மருத்துவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் என்று விசில் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஆறாம் நாள் எழுந்து தேநீர் போட்டுக் குடித்தாள். வாயில் இருந்தது வெந்நீர். சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டாள், மணல். மிளகைக் கடித்தால் உறைத்தது, சூடு சுட்டது, மற்றதெல்லாம் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. மருத்துவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சில பேருக்குத் திரும்பி வந்துடும், சில பேருக்கு வராது. பொறுத்துப் பாருங்க" என்றார். இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். "நடுவுல இல்லாத வாடை எல்லாம் இருக்கிற மாதிரி தோணும். முக்கால்வாசி கருகுன வாடையா இருக்கும். அத நம்பிடாதீங்க."

அவர் வாக்குப் பலித்தது. ஒரு மாலை அப்படித்தான், ஏதோ தீய்கிற வாடை வந்தது. விசில் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் சமையலறைக்கு ஓடினாள். அடுப்பு சில்லென்று கிடந்தது. பிறகு மூன்று முறை அதே வாடை வந்தது, மூன்று முறையும் எங்கும் எதுவும் தீயவில்லை. அதற்கப்புறம் அவள் ஓடுவதை விட்டுவிட்டாள்.

ஆலையில் கண்ணை வைத்து ஒப்பேற்றினாள். இருபத்துமூன்று வருட அனுபவம் சும்மா போகுமா? வெந்த இலையின் நிறம், கோப்பையின் ஓரத்தில் கட்டும் பொன் வளையம், இலை பறித்த அன்று மழையா வெயிலா என்பது, இவற்றை வைத்துக்கொண்டு உறிஞ்சித் துப்பி, "நல்லா எழுந்திருக்கு" என்றும் "இது தூங்குது" என்றும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்துக்கு எட்டு சரியாகவே இருந்தது. போன மாதம் புகை வாடை பிடித்த சரக்கு ஒன்றை நல்ல சரக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். புகைக்கு நிறம் கிடையாதே. நாற்பது மூட்டை திரும்பி வந்தது.

மேலாளர் நல்ல மனுஷன். சத்தம் போடவில்லை. "அம்மா, பத்து நாள் லீவு போட்டுட்டு எங்கயாவது போயிட்டு வாங்க. திங்கட்கிழமை வந்ததும் ஒரு சின்ன சோதனை. பத்து கோப்பை, அவ்வளவுதான்" என்றார். கதவு வரை போனவளை நிறுத்தி, "கறுப்புக் கோப்பை" என்று சேர்த்துக்கொண்டார். கறுப்புக் கோப்பையில் நிறம் தெரியாது. தோற்றால் மூட்டை கட்டுகிற பிரிவுக்கு அனுப்புவார்கள்; சம்பளம் கூடக் குறைக்க மாட்டார்கள். அது பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. காலையில் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும்போது அங்கே நிற்கிறவள் யார் என்று கேட்டால் பதில் இருக்காது, அதுதான் பயம். இன்றைக்கு வியாழக்கிழமை.

வீட்டில் ஏமாற்றுவது இன்னும் சுலபமாக இருந்தது. முன்பெல்லாம் அக்காவின் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பது விசிலுக்கு இரண்டாவது உத்தியோகம். வெங்காயம் இன்னும் ஒரு நிமிஷம் வதங்கியிருக்க வேண்டும், எண்ணெய் பழசு, உப்பு ஒரு கல் தூக்கல் என்று வரிசையாகச் சொல்வாள். அக்கா கரண்டியை ஓங்குவாள். இப்போது எதைப் போட்டாலும் "நல்லாருக்கு" என்ற ஒரே வார்த்தைதான். அக்கா அதைக் கேட்டதும் ஒரு நொடி தங்கை முகத்தையே பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பாராட்டு வாங்கியவள் ஏன் இப்படிப் போகிறாள் என்று விசில் யோசித்ததில்லை. மாட்டிக்கொள்ளாமல் இருந்ததே போதும் என்றிருந்தது.

ஊர் சுற்றக் கிளம்பலாம் என்றது அக்காதான். நான்கு நாளாக அக்கா அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். ஒரு அருவி பார்த்தார்கள். பழைய கோபுரம் ஒன்றில் இருநூற்றுப் பத்துப் படி ஏறினார்கள். பூச்சந்தையில் ஒரு மணி நேரம் நின்றார்கள். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள், விசிலும் மரியாதைக்குப் பிளந்தாள். ஈர வாடை இல்லாத அருவியும் மணமில்லாத பூவும் அவளுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தன. "எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்கும் போதெல்லாம் "நல்லாருக்கு" என்றாள்.

இப்படியாக வந்து சேர்ந்த இடம் இந்த உணவகம். எட்டே மேசைகள். கடைசியில் அரைச் சுவர், அதற்குப் பின்னால் அடுப்படி, நடப்பதெல்லாம் கண்ணெதிரே தெரிந்தது. சன்னலோர மேசை கிடைத்தது. விசில் உட்கார்ந்த இடத்துக்கு இடப்பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், இடுப்பு உயர மண் பூந்தொட்டி ஒன்று அகல இலைச் செடியோடு நின்றது.

அவள் பார்வை அடுப்படியை விட்டு நகரவில்லை. சமையல்காரர் நெடுநெடுவென்று இருந்தார். தோளில் துண்டு, முன்னால் நாலு அடுப்பு. இடது கையால் முட்டையை உடைத்து ஊற்றினார். வலது கை அதற்குள் பக்கத்துச் சட்டியைப் புரட்டிவிட்டிருந்தது. ஒன்றை எடுக்கும்போதே அடுத்தது அவர் கைக்கு வந்துவிடும். எதையும் அளக்கவில்லை, எதையும் தேடவில்லை. ஒரு வாணலியைத் தாண்டிப் போகும்போது நின்று, குனிந்து, ஒரு மூச்சு இழுத்து, தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

அந்த ஒரு மூச்சைப் பார்த்ததும் விசில் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். வேலை தெரிந்தவன் வேலை செய்வதைப் பார்ப்பது எப்போதும் அவளுக்குப் பிடிக்கும். இன்று பொறாமையில் வயிறு எரிந்தது.

"என்னடி அப்படிப் பாக்கிற?"

"ஒண்ணுமில்ல. கை சுத்தமா இருக்கு."

பரிமாறுகிற அம்மாள் வந்தாள். சமையல்காரரின் மனைவி அவள்தான் என்பது, "ரெண்டு சூப்பு, ஆறிப்போகாம குடுங்க, போன தடவ மாதிரி வேணாம்" என்று உள்ளே பார்த்து அதட்டிய தோரணையிலேயே தெரிந்தது. முதலில் காளான் சூப்பு வரும், பிறகு ரொட்டியும் முட்டையும், பழம், கடைசியில் தேநீர் என்று ஒப்பித்துவிட்டுப் போனாள்.

சூப்பு வந்தது. ஆவி பறந்தது. அம்மாள் அதட்டியது வீண் போகவில்லை, நாக்கு வெந்துவிடும் சூடு. விசில் ஒரு கரண்டி எடுத்தாள். சூடாக இருக்கிறதே என்று காற்றோடு சேர்த்து உறிஞ்சினாள்.

அப்போதுதான் அது நடந்தது.

முதலில் வெண்ணெய் வந்தது. வெண்ணெய் என்று மூளை சொல்வதற்கு முன்னாலேயே உடம்பு அதைக் கண்டுகொண்டது, காதோரம் மயிர் சிலிர்த்தது. வெண்ணெய்க்குப் பின்னால் வெங்காயம். அவசரப்படாமல் வதக்கிய, இனிப்புத் தட்டிப்போன வெங்காயம். பிறகு காளானின் மண் வாடை. மிளகின் உறைப்பு இல்லை, மிளகின் மணம். அதற்கும் பின்னால் பால், பாலுக்கு அடியில் ஒரு நூல் அளவுக்கு வேறு என்னவோ. ஒன்றன் பின் ஒன்றாக அவை கதவைத் தட்டாமல் உள்ளே வந்துகொண்டே இருந்தன. உலகத்தில் இவ்வளவு இருக்கிறதா என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. ஒரு கிண்ணம் சூப்புக்குள் இவ்வளவையும் வைத்துக்கொண்டா மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்கள்? எதிர் மேசைக்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டே குடிக்கிறாரே, அவருக்கு எப்படி மனசு வருகிறது?

வாய்க்குள் ஒரு சுற்று சுற்றினாள். தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. பூந்தொட்டிக்குள் துப்பினாள். இருபத்துமூன்று வருடப் பழக்கம், குறி தப்பவில்லை. ஒரு இலை கூட நனையவில்லை.

உணவகம் அப்படியே உறைந்துவிட்டது. செய்தித்தாள் கீழே இறங்கியது. முட்டை பொரியும் சத்தம் மட்டும் கேட்டது.

"அடிப்பாவி" என்றாள் அக்கா, மெதுவாக.

விசிலுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஆறு மாதமாக வீட்டில் எதைத் தின்றாலும் விழுங்கித்தான் வைத்தாள். ருசி என்று ஒன்று இருந்தால்தானே துப்பத் தோன்றும். உடம்பு தானாகத் துப்பியிருக்கிறது என்றால்? இன்னொரு கரண்டி எடுத்தாள். விசில் சத்தம் அடுப்படி வரைக்கும் போயிருக்கும். மறுபடியும் எல்லாம் வந்தன. மறுபடியும் அந்த ஒரு நூல் வந்தது. மறுபடியும் துப்பினாள்.

அதற்குள் சமையல்காரர் துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பின்னாலேயே அவர் மனைவி.

"என்னம்மா, சூப்புல என்ன குறை? பிடிக்கலன்னா சொல்லலாம். செடி என்ன பாவம் பண்ணுச்சு?"

விசில் எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அவள் புத்தி மேல் சந்தேகம் வந்திருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

"பால் அடிப்பிடிச்சிருக்கு. ரொம்ப இல்ல, ஒரு நூலு. நீங்க மேலாக்க எடுத்து வேற பாத்திரத்துக்கு மாத்திட்டீங்க. சரிதானே? சரின்னு சொல்லுங்கய்யா."

அவள் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அவளுக்கு அந்த 'சரி' வேண்டியிருந்தது. கருகின வாடையை நம்பாதே என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான்கு முறை அது அவளை ஏமாற்றியிருந்தது. பால் நிஜமாகவே அடிப்பிடித்திருந்தால் மூக்கு திரும்பிவிட்டது. இல்லையென்றால் இது ஐந்தாவது ஏமாற்று, வெண்ணெயும் வெங்காயமும் கூட அதோடு சேர்ந்து வந்த பொய்.

சமையல்காரர் சுற்றிலும் பார்த்தார். எட்டு மேசையும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பதினெட்டு வருஷமா இந்த அடுப்பு முன்னாடி நிக்கிறேன்" என்றார். "என் அடுப்புல எதுவும் அடிப்பிடிக்காது."

"கொஞ்சம் கூட?"

"கொஞ்சம் கூட."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். மனைவி ஒரு விநாடி நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

விசில் உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கரண்டியைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தாள். இன்னொரு வாய் எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இருந்தது மாதிரி இருந்ததும் இல்லை என்று ஆகிவிட்டால் அதை எங்கே கொண்டு போய் வைப்பது?

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "எனக்கு ஆறு மாசமா வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. திங்கட்கிழம சோதனை வச்சிருக்காங்க. இப்ப வந்துடுச்சுன்னு நெனச்சேன். அதான் துப்பிட்டேன். வரலையாம்."

திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்பாள். அக்காவோ மடியில் இருந்த பையைத் திறந்து ஒரு டப்பாவை வெளியே எடுத்தாள். தங்கியிருந்த விடுதி அறையில் சின்ன அடுப்பு இருந்தது. மத்தியானப் பஸ்ஸுக்கு ஆகட்டும் என்று காலையில் அதில்தான் நாலு உருளைக்கிழங்கை வேகவைத்துத் தாளித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இத ஒரு வாய் சாப்பிடு."

"இங்க எதுக்கு இத எடுக்கிற? ஏற்கனவே எல்லாரும் நம்மளத்தான் பாக்கிறாங்க."

"பூந்தொட்டில துப்புனவளுக்கு மானம் வந்துடுச்சாம். சாப்பிடுடி."

அக்காவின் குரலில் ஏதோ நடுங்கியது. விசில் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அக்கா டப்பாவைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தூக்குவதற்கு முன்னால் தினமும் பார்ப்பாளே, அதே பார்வை. விசில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். நிறுத்தினாள். மறுபடியும் மென்றாள்.

"என்னக்கா இது" என்றாள். "உப்பே இல்ல."

அக்கா கையிலிருந்த டப்பா மூடியை மேசையில் வைத்தாள்.

"நெசமாத்தான் சொல்றேன். மறந்துட்டியா? ஒரு கல்லு கூடப் போடல நீ."

அக்கா மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். கண் நிறைந்து, கண்ணீர் கன்னத்தில் இறங்கி, முகவாயில் வந்து நின்றது. துடைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

"மறக்கல" என்றாள். "ஆறு மாசமாப் போடல."

"என்ன சொல்ற?"

"உனக்குக் காய்ச்சல் விட்டு முதல் நாள் சோறாக்கிப் போட்டேன். நல்லாருக்குன்னு சொன்ன. பிறந்ததுலேந்து என் சமையல நீ நல்லாருக்குன்னு சொன்னதே இல்ல. எனக்குச் சுருக்குன்னுச்சு. மறுநாளு வேணும்னே உப்பு போடாம வச்சேன். அப்பவும் நல்லாருக்குன்ன. பின்கட்டுல போய் உட்காந்து அழுதுட்டு வந்தேன்."

குட்டு வெளிப்பட்டது விசிலுடையது. ஆனால் இத்தனை நாள் ஒளிந்திருந்தது அக்கா.

"அதுலேந்து தினம் ஏதாவது ஒண்ணு உப்பில்லாம வப்பேன். என்னிக்கு நீ முகத்தச் சுளிச்சு என்னைத் திட்டுறியோ அன்னிக்கு உனக்குச் சரியாயிடுச்சுன்னு அர்த்தம். தினமும் திட்டு வாங்கலாம்னு பக்கத்துலேயே நின்னு பாப்பேன். நீ தினமும் நல்லாருக்குன்னு சொல்லுவ."

"கேட்டிருக்கலாமே."

"நீ மறைக்கிற. மறைக்கிறவகிட்ட கேட்டா இன்னும்தானே மறைப்பா. உனக்கே சொல்லத் தோணும்போது சொல்லட்டும்னு விட்டேன்."

"நீயும் அதத்தானே சாப்பிட்ட. ஒரே பாத்திரம்தானே."

"பின்ன? எனக்கு மட்டும் தனியா உப்பு போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்? போடி." அக்கா இப்போதுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பழகிப்போச்சு. அவ்வளவு மோசமில்ல."

நூற்றெண்பது நாள். விசில் மனசுக்குள் அதைப் பார்த்தாள்: ஐம்பத்திரண்டு வயதுக்காரி ஒருத்தி, தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து, உப்பில்லாமல் ஆக்கிய கறியை எதிரே உட்கார்ந்து தின்றுகொண்டு, தங்கை தன்னைத் திட்டுவாளா என்று காத்திருக்கிறாள். அருவிக்கும் கோபுரத்துக்கும் மரியாதைக்குப் பிளந்த வாய் இப்போது தானாகப் பிளந்தது. உலகத்தில் இவ்வளவு இருக்கிறதா என்று சூப்பைக் குடித்தபோது நினைத்தாளே, அதெல்லாம் சும்மா.

அந்த நேரத்தில் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சமையல்காரர். அவர் மனைவி அவரை முழங்கையால் ஒரு இடி இடித்து முன்னால் தள்ளிவிட்டாள். அவர் துண்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, மற்ற மேசைகளுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்தார். துண்டை விலக்கினார். உள்ளே ஒரு பாத்திரம். அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகத் தீய்ந்து ஒட்டியிருந்தது.

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றார். "காலையில ஒரு போன் வந்துச்சு. ஒரே நிமிஷம்தான். மேலாப்புல எடுத்து மாத்திட்டேன். குடிச்சுப் பாத்தப்ப எனக்கே வாடை தெரியல, இவளுக்கும் தெரியல. பதினெட்டு வருஷத்துல ஒருத்தர் கூடக் கண்டுபிடிச்சதில்ல. நீங்க யாரும்மா?"

விசில் பாத்திரத்தை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். அதேதான். ஒரு நூலாக வந்தது இங்கே கயிறாக இருந்தது. உப்பு நாக்குக்குச் சாட்சி, இது மூக்குக்குச் சாட்சி. தீய்ந்த பால் வாடையை இவ்வளவு ஆசையாக யாரும் முகர்ந்திருக்க மாட்டார்கள். சமையல்காரரே கொஞ்சம் பயந்துபோய்ப் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"ருசி பாக்கிறவ" என்றாள் விசில். இந்த வார்த்தையை அவள் ஆறு மாதமாகச் சொல்லவில்லை.

"அதான பாத்தேன்" என்றார் அவர். எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை. "செடிய நான் கழுவிக்கிறேன். நீங்க உட்காருங்க."

அதன் பிறகு எல்லாம் வந்தன. சமையல்காரர் சொல்லி அனுப்பினாரோ அவர் மனைவியின் யோசனையோ, கேட்டதுக்கு மேலேயே வந்தன. ரொட்டியைப் பிய்த்தபோது உள்ளேயிருந்து கிளம்பிய மாவின் புளிப்புக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பழத் துண்டு ஒன்றை நாக்கில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தாள். சன்னல் வழியாகத் தெருவின் தூசி வாடை வந்தது. யாரோ போன வழியில் சோப்பு வாடை வந்தது. பக்கத்தில் அக்காவின் மேல் தைல வாடையும் மிஷின் எண்ணெய் வாடையும் கலந்து வந்தன. நான்கு நாள் ஊர் சுற்றியும் மிஷின் எண்ணெய் அக்காவை விட்டுப் போகவில்லை. எல்லாமே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஒன்றைக் கூடத் துப்பவில்லை, எல்லாவற்றையும் விழுங்கினாள்.

தேநீர் வந்தபோது மட்டும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோப்பை வெள்ளைக் கோப்பை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சினாள். விசில் சத்தத்துக்கு எதிர் மேசைக்காரர் இந்த முறை செய்தித்தாளை இறக்கவில்லை, பழகிவிட்டார்.

"தூங்குது" என்றாள் விசில். "வெயில்ல கிடந்த இல. பெட்டிய மூடாம வச்சிருக்காங்க, பக்கத்துல ஏதோ சோப்பு இருந்திருக்கு."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. வெளிக்காட்டிக்கொள்ளவில்லை. உருளைக்கிழங்கு டப்பாவை நகர்த்தித் தங்கைக்கு முன்னால் வைத்தாள்.

"அத விடு. இதச் சொல்லு."

"இதுல என்ன சொல்றது? அதான் சொன்னேனே, உப்பில்ல."

"அது மட்டுந்தானா?"

விசில் அக்காவைப் பார்த்தாள். பிறகு டப்பாவைக் கிட்டே இழுத்துக்கொண்டு ஒரு துண்டு எடுத்தாள்.

"வெந்தது பத்தாது. நடுவுல கெட்டியா இருக்கு."

"ம்."

"எண்ணெ காயறதுக்குள்ள கடுகப் போட்டுட்ட. பாதி வெடிக்கவே இல்ல. எப்பவும் இதே அவசரம்."

"ம்."

"வெங்காயத்த ஒழுங்கா நறுக்கல. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. துணின்னா மட்டும் அளந்து வெட்டத் தெரியுது." அவளுக்குக் குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டாள். "இதையெல்லாம் மனுஷன் சாப்பிடுவானாக்கா?"

அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் சொல்லு" என்றாள்.

வெளியே ஒன்றரை மணிப் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. இருவருக்கும் அது கேட்டது. டப்பா காலியாகும் வரைக்கும் விசில் ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தின்றுகொண்டே குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.